நம்ப மறுக்கும் வயது

இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பெரும்பாலும் பட்டப்படிப்புக்குப் பின் ஓராண்டுப் பயிற்சி. பி.ஜி.சி.இ. என்பார்கள். அதில் குறைந்தது 120 நாட்களைப் பள்ளிக்கூடத்தில், அதுவும் இரண்டு வெவ்வேறு பள்ளிகளில் கழிக்க வேண்டும். இயற்பியல் படித்தவர்கள் என்றால் கூடுதல் வரவேற்பு. 2022-23 கல்வியாண்டில் இயற்பியல் ஆசிரியப் பயிற்சிக்கு அரசு வைத்த இலக்கில் 17 சதவீதம்தான் நிரம்பியது, அவ்வளவு பற்றாக்குறை. திருநெல்வேலியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கணவரின் வேலையால் லண்டனுக்கு வந்த எனக்குக் கிழக்கு லண்டன் பள்ளி ஒன்றின் கதவு திறந்தது அந்தப் பற்றாக்குறையால்தான். கொடுத்தது எட்டாம் ஆண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

ஏழாம் ஆண்டில் இருப்பவர்களுக்குப் பெரிய பள்ளிக்குப் புதிதாக வந்த மிரட்சி இருக்கும். பத்தாம், பதினொன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு ஜி.சி.எஸ்.இ. தேர்வு பயம் இருக்கும். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும் கிடையாது. உடம்பு தினம் ஒரு விதமாக மாறிக்கொண்டிருக்கும். நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் முக்கியமாகப் படாது. மழை பெய்தால் இடைவேளைக்கு வெளியே விடமாட்டார்கள். அதற்கடுத்த பாடவேளை யாருக்கு வாய்த்ததோ அவர் பாடு திண்டாட்டம். பலத்த காற்றடிக்கும் நாட்களில் பிள்ளைகள் இன்னும் துள்ளுவார்கள் என்று இங்குள்ள ஆசிரியர்கள் சத்தியம் செய்வார்கள். நானும் நம்புகிறேன்.

நான் வளர்ந்த ஊரில், மரியாதை ஆசிரியருக்கு முன்பே வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வாசலில் நிழல் விழுந்தாலே எழுந்து நிற்போம். இங்கே யாரும் எழவில்லை. நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. கேட்காத கேள்விகள் வந்தன. நீங்கள் உண்மையான டீச்சரா? எப்போது போவீர்கள்? ‘வோல்டேஜ்’ என்று நான் சொன்னதைப் பின்வரிசைப் பையன் ஒருவன் அதே ராகத்தில் திருப்பிச் சொன்னான். சுற்றியிருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். வகுப்பின் நிரந்தர ஆசிரியர் கடைசியில் உட்கார்ந்து என்னைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். நான் ஏதாவது சொன்னால், அதைக் கேட்கத்தான் வேண்டுமா என்று பிள்ளைகள் திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் எழுந்து வெளியே போனால் சத்தம் கூரையைத் தொடும்.

பயிற்சி ஆசிரியரின் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று அந்த மாதங்களில் நிறைய யோசித்தேன். பாடம் தயாரிப்பதும் நோட்டுத் திருத்துவதும் வேலைதான், ஆனால் அவை தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். தீராதது, யார் என்னை என்ன சொன்னார்கள் என்ற கணக்கு. வீடு திரும்பும் பேருந்தில் மனம் அந்தக் கணக்கையே பார்க்கும். எந்தப் பிள்ளைக்கு எது புரிந்தது என்ற கணக்குக்கு அங்கே இடமே இருக்காது. அயல்நாட்டில் இது இரட்டிப்பாகிறது. நிறம், பேச்சு, பெயர் என எல்லாமே காயப்படக் காத்திருக்கும் இடங்கள்.

அப்படியொரு நாளில் மின்சுற்றுப் பாடம். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஓடும் மின்னோட்டத்தை அளக்க ஒரு அம்மீட்டர். பல்புக்கு முன்னால் அளந்தால் ஒரு அளவு. பல்பைத் தாண்டிய பின் அளந்தால் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஏறக்குறைய எல்லாக் கைகளும் ‘குறையும்’ என்றன. பல்பு எரிகிறதே, கொஞ்சம் தின்றிருக்காதா? உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். இயற்பியல் ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது தெரியும். என் குரலை நடித்துக் காட்டிய அதே பையன் முதலில் அளந்தான். 0.18. மீட்டரைப் பிடுங்கிப் பல்புக்கு அந்தப் பக்கம் மாட்டினான். 0.18.

“மிஸ், இந்த மீட்டர் ரிப்பேர்.”

நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்குப் போய் அவர்கள் மீட்டரைக் கேட்காமலே எடுத்து வந்தான். சண்டை வரப் பார்த்தது. அதிலும் 0.18. ஒயர்களை முன்னும் பின்னுமாக மாற்றினான். பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் பல்பின் இரு பக்கமும் மாட்டினான். இரண்டிலும் 0.17. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கோபமாகவே கேட்டான்: “எதுவும் குறையலேன்னா அப்புறம் பேட்டரி ஏன் தீர்ந்துபோகுது?”

மணியடித்தது. எல்லாரும் பையைத் தூக்கினார்கள், அவன் எடுக்கவில்லை. ஆற்றல் வேறு, மின்னோட்டம் வேறு என்ற அடுத்த இரண்டு வாரப் பாடம் முழுவதும் அவன் கேள்விக்குள் இருந்தது. மறுவகுப்பில் அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதித்தான் தொடங்கினேன்.

அதே பாடத்தை நானும் பள்ளியில் படித்திருக்கிறேன். தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம் என்று அடிக்கோடிட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. ஆசிரியர் சொன்னார், எழுதினேன். மீட்டர் பொய் சொல்கிறது என்று சண்டை போடுமளவுக்கு அந்த வாக்கியம் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அந்தப் பையனுக்கு இருந்தது. நான் அடங்காமை என்று நினைத்ததும், இந்த நம்ப மறுக்கும் பிடிவாதமும் அவனுக்குள் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை நசுக்கினால் மற்றொன்று தப்பாது.

இதை வைத்துக்கொண்டு, சத்தமான வகுப்பே நல்ல வகுப்பு என்று சிலர் பேசும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அதே வகுப்பில் ருமேனியாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு சிறுமி இருந்தாள். ஆங்கிலம் அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் இரைச்சலுக்கு நடுவிலும் அரை வாக்கியத்தைப் பிடித்து மீதியை ஊகித்துக்கொள்வார்கள். அவளால் முடியாது. ஒவ்வொரு சொல்லும் தனியாக, தெளிவாகக் காதில் விழ வேண்டும். வேற்று மொழியில் வாழ்கிற எனக்கு அது தெரியாதா? வகுப்பு அமைதியாக இருக்க வேண்டியது அவளுக்காக. இது உறைத்த பிறகு என் குரலே மாறியது. என்னை மதி என்று கேட்கும்போது குரலில் ஒரு கெஞ்சல் இருக்கும், அல்லது மிரட்டல். கேட்க விரும்புகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று சொல்லும்போது இரண்டும் இல்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது, உட்கார்ந்ததும் செய்ய ஒரு சிறு கணக்கைப் பலகையில் தயாராக வைப்பது, அவளை முன்வரிசைக்கு மாற்றுவது என்று செய்ததெல்லாம் சின்ன வேலைகள்தான்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று கண்டார். மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் திறக்கிறார்கள். மூன்று விநாடி என்பது படிக்கத்தான் சிறியது. சிரிப்பு எப்போது வெடிக்குமோ என்று அஞ்சிக்கொண்டு நிற்கும் பயிற்சி ஆசிரியருக்கு அது யுகம். அந்தச் சிறுமி முதன்முதலாகச் சொன்ன பதில் அப்படியொரு மௌனத்துக்குப் பிறகுதான் வந்தது. “சேம்” என்ற ஒரு சொல். சரியான விடை.

கயானாவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றி, பின் கிழக்கு லண்டனில் ஆசிரியரான ஈ. ஆர். பிரெய்த்வெயிட் 1959-இல் ‘டு சர், வித் லவ்’ எழுதினார். வெளியூர் ஆசிரியர், முரட்டுப் பிள்ளைகள், கடைசியில் அன்பு. இந்தத் தொழிலைப் பற்றிப் பலரும் மனதில் வைத்திருக்கும் கதை அதுதான். எனக்கு அப்படியொரு திருப்பம் வாய்க்கவில்லை. யாருக்காவது வாய்க்கும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லவும் மாட்டேன். பேட்டரி ஏன் தீர்கிறது என்று கேட்டவன் அந்த வாரமே அழிப்பானைத் துண்டு துண்டாக்கி வீசியெறிந்து தண்டனை வகுப்பில் உட்கார்ந்தான். செவ்வாய்க்கிழமை சம்பாதித்தது வெள்ளிக்கிழமை செல்லாது. மறுபடி வாசலில் நிற்க வேண்டும், மறுபடி பெயர் சொல்ல வேண்டும். பலன் என்பது அந்த ஒரு கேள்வி, அந்த ஒரு சொல், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதனால்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

என்னை இன்னும் அரிப்பது வேறொன்று. பிள்ளைகள் நம்மை ஏற்றுக்கொள்ளத் தொடங்கும் வேளையில் பயிற்சிக் காலம் முடிந்துவிடுகிறது. நாம் தொழில் கற்றுக்கொண்டோம், அவர்கள் எட்டாம் ஆண்டின் பாதியை நமக்குக் கொடுத்தார்கள். இங்கே தகுதி பெற்ற ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளிப் பணியை விட்டுவிடுகிறார்கள். நிரந்தர ஆசிரியர் இல்லாத நாளில் வருகிறவர்கள் வேறு. எப்போது போவீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதைக் கேட்கிறது.

இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் வழிகாட்டி. எட்டாம் ஆண்டை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள், ஓடிவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கேட்டு வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: போகும் தேதியை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும், கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதிகாரம் குறைந்துவிடுமே என்று தயங்குகிறார்கள். குறையத்தான் செய்யும். முதல் இரண்டு வாரம் கூடுதலாகவே ஆட்டம் காட்டுவார்கள். அந்த இரண்டு வாரமும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். குறிப்பேட்டை மூடியே வைத்திருக்கிறேன்.