என்ன பாவம் செய்தேன்?

நோயுற்ற குழந்தையை மடியில் கிடத்திய தாய், 'நான் என்ன பாவம் செய்தேன்?' என்று கலங்குவது நம் நாட்டில் புதிதல்ல. சுற்றியிருப்போரும் பல வேளைகளில் அவளையே குறைகூறுவர். பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலையில் பயிலும் மூலக்கூறு உயிரியல் அத்தாயின் கேள்விக்கு விடை கூறுமா? கூறும், ஆனால் பாதி விடையே கூறும். மறுபாதி மனிதனின் மனச்சான்றிலிருந்து வரவேண்டும்.

அப்பாடத்தில் பெரிதும் எடுத்தாளப்படும் நோய் அரிவாள் செல் சோகை. இரத்தச் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதன் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது. மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதால், அச்சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் அமைந்துவிடுகிறது. பிராணவாயு குறையும்போது இம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான அணு அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைக்கிறது. தாங்கொணா வலி எழுகிறது. ஏறத்தாழ 120 நாட்கள் வாழவேண்டிய அணு சில வாரங்களிலேயே அழிகிறது. 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடன் ஆய்ந்தோரும் இதனை 'மூலக்கூறு நோய்' என்று அழைத்தனர்.

இம்மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கே இந்நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே வாழ்கிறார். கடும் மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது என்று 1954-இல் ஆன்டனி ஆலிசன் காட்டினார். ஒருவருக்குக் கவசமாக இருப்பதே இருமடங்காகும்போது மற்றொருவருக்கு நோயாகிறது. அப்படியிருக்க, அதனைப் பாவத்தின் முத்திரை என்று எவ்வாறு கூறுவது? தாயை மட்டும் பழிப்பதற்கும் இங்கு இடமில்லை.

பழி நீங்கினால் பொறுப்பும் நீங்கிவிடுமா? இல்லை. அறியாமல் நேர்ந்ததற்கு எவரும் குற்றவாளி அல்லர். அறிந்தபின் கடமை தொடங்குகிறது. மாற்றத்தைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தை நோயுற்றுப் பிறந்துவிட்டதால் அடுத்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை. இதனை உரியவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைப்பது அறிந்தவரின் கடமை.

இந்தியாவில் இம்மாற்றம் பழங்குடி மக்களிடையே மிகுதி. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே இது கண்டறியப்பட்டது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில், இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. பரிசோதனைச் சீட்டே புதியதொரு தீண்டாமையின் அடையாளமாகிவிடலாம். சுமப்பவர் என்று அறிந்ததும் ஒரு பெண்ணை மணத்திற்கு ஆகாதவள் என ஒதுக்கினால், அது அறிவுக்கும் இழுக்கு, அறத்திற்கும் இழுக்கு. ஹீமோகுளோபின் குறை ஏதுமில்லாத ஒருவரை அவள் மணந்தால், பிறக்கும் குழந்தைகள் எவருக்கும் இந்நோய் வராது. பாடம் காட்டுவது வழியை, விலக்கை அன்று.

'நோயை ஒழிப்போம்' என்னும் ஆர்வத்தில், நோயுடன் ஏற்கெனவே வாழ்பவர் மறக்கப்படவும் கூடாது. பிறந்தவுடன் நோயைக் கண்டறிவதும், சிறு வயதில் பென்சிலின் அளிப்பதும், ஹைட்ராக்ஸியூரியா மருந்தும் பல உயிர்களைக் காக்கின்றன, வலியைத் தணிக்கின்றன. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். மலையோரக் குடிசையில் வலியால் துடிக்கும் சிறுவனுக்கு அது எட்டாக்கனி. ஆயினும் எளிய மருந்தும் அன்பான கவனிப்பும் அவனுக்கு எட்டுமாறு செய்யமுடியும்.

தேர்வில் ஆறாம் இடத்தையும் வேலினையும் பிழையின்றி எழுதும் மாணவன் மதிப்பெண் பெறுகிறான். அக்கல்வி நிறைவுபெறுவது, அவன் அத்தாயின் அருகில் அமர்ந்து, 'அம்மா, இது உங்கள் பாவமன்று. இனிச் செய்யவேண்டியதை நாம் சேர்ந்து செய்வோம்' என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லும் நாளில்தான்.