நம்பிக்கையில்லாதவனின் சரணாகதி

சரணாகதிக்கு அங்கங்களை வகுத்த வைஷ்ணவ ஆசாரியர்கள், தன்னைக் காத்துக்கொள்ளத் தன்னிடம் யாதொரு கைமுதலும் இல்லை என்று உணர்ந்து நிற்கும் கார்ப்பண்யத்தையும், காப்பவன் தவறாமல் காப்பான் என்று ஐயமற்றிருக்கும் மகாவிசுவாசத்தையும் ஒருசேரவே வைத்தார்கள். முன்னது ஒருவனிடம் பரிபூரணமாக இருந்து, பின்னது துளியும் இல்லாமற்போனால், அவன் செய்வது சரணாகதி ஆகுமா? சம்பிரதாயத்துக்குள் நின்று பார்த்தால் இது வீண் கேள்வி. ஆனால், குடியை விட முயல்வோர் கூடும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சங்கத்தின் கூட்டமொன்றில், வெளியாருக்கும் இடமுள்ள நாளில் போய்ப் பின்வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கு இக்கேள்வி எழாமல் இராது.

பெரும்பாலும் மாதா கோயிலைச் சேர்ந்த ஓர் அறை, சில நாற்காலிகள், ஓரத்தில் தேநீர். ஒருவர் எழுந்து தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்கிறார். சபையார் அந்தப் பெயரைச் சொல்லி வரவேற்கிறார்கள். பிறகு அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசுவாரும் இல்லை, புத்தி சொல்வாரும் இல்லை. செலவுக்கு அங்கத்தினர் போடும் சில்லறையோடு சரி. வெளியார் தரும் நன்கொடையைச் சங்கம் ஏற்பதில்லை. கேட்டதை அங்கேயே விட்டுவருவது மரபாதலால், யார் என்ன சொன்னார் என்று நான் எழுதுவதற்கில்லை. எழுதினாலும், அவை நம் தெருவிலேயே நாம் அறிந்த கதைகள்தாம்.

அவர்களுடைய பன்னிரண்டு படிகளுள் முதற்படி, மதுவின் முன் தம் சக்தி செல்லாது என்று ஒப்புக்கொள்வது. கலப்பற்ற கார்ப்பண்யம் அது. வாசலில் நாலு முறை தயங்கித் திரும்பிய பின் உள்ளே வருகிறவன் அதைப் பாடம் கேட்டு அறியவேண்டியதில்லை. அடுத்த படிகளில்தான், தம்மினும் பெரிய சக்தியொன்றை நம்பவும், கடவுளிடம் தம்மை ஒப்படைக்கவும் சொல்லும்போதுதான், நாத்திகனுக்குக் கால் இடறுகிறது. ஆரம்பத்திலேயே இடறிற்று. 1938-இல் நியூயார்க் குழுவுக்கு வந்த ஜிம் பர்வெல், கடவுட் பேச்செல்லாம் பொய் என்று கூட்டந்தோறும் வாதாடியவர். அவரும் அவரைப் போன்றோரும் விடாது வழக்காடியதன் பயனாகவே, 1939-இல் வெளிவந்த சங்கத்தின் மூலநூலில், அவரவர் உணர்ந்தவாறான கடவுள் என்னும் பொருள்படக் கடவுளுக்கு ஓர் அடைமொழி ஏறிற்று. குடியை நிறுத்தும் விருப்பமொன்றே அங்கத்தினனாவதற்குத் தகுதி என்ற விதி பின்னர் அமைந்தது. இன்று பலர் அப்பெரிய சக்தியின் ஸ்தானத்தில் அந்தச் சபையையே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆசாரியர்கள் இதற்கு இசையமாட்டார்கள். சரண்யனாக இருப்பவன் சர்வசக்தனாக இருத்தல் வேண்டும். இங்கோ புகலிடமே, நேற்று விழுந்து இன்று எழுந்த மனிதர்களாலானது. தவிர, வேதாந்த தேசிகரின் வழியில் பிரபத்தி என்னும் சரணாகதி ஒருமுறையே செய்யத்தக்கது. மறுபடி செய்வது முதலில் செய்ததை நம்பாததற்கு ஒப்பு. இவர்களோ இன்று ஒரு நாள் மட்டும் என்று தினந்தோறும் அதையே புதுப்பிக்கிறார்கள். இந்த வேறுபாட்டைச் சமரசம் பேசி மழுப்புவது இரு தரப்புக்கும் மரியாதை ஆகாது. ஆயினும், தவறாத ஒருவனை நம்பத் திராணியற்றவனுக்கு, தவறி மீண்ட ஒருவனை எதிர் நாற்காலியில் கண்ணால் காண முடிகிறது. அக்காட்சியில் பிறப்பதையும் விசுவாசத்தின் ஒரு முளை என்றே நான் கொள்வேன்.

இச்சங்கத்தின் தொடக்கமே அப்படிப்பட்ட ஒரு சந்திப்பில்தான். 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க் பங்குச் சந்தைக்காரரான பில் வில்சன், ஒரு கம்பெனி விவகாரத்தில் தோற்று, ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரின் மேபிளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியே உலாவிக்கொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு கோடியில் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறு கோடியில் நகரத்து ஆலயங்களின் பட்டியலும் டெலிபோனும். முந்தைய டிசம்பரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெய்வ ஒளியொன்றைக் கண்டதாகச் சொன்ன மனிதர் அவர். அந்த ஒளியைத் தியானித்து அவ்வேளையைக் கடத்தியிருக்கலாம். அவரோ பாதிரிமாருக்கு டெலிபோன் செய்து தேடியது, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிகாரனை. அந்தத் தேடல் கொண்டு சேர்த்தது பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரிடம். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த டாக்டர், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்து சென்றார். அவரைத் திருத்த வேண்டுமென்பதைவிட, தாம் அன்றைக்குக் குடிக்காதிருக்க வேண்டுமென்பதே பில்லின் கவலை.

தெய்வ தரிசனமே கிட்டியவனுக்கும் பக்கத்தில் ஒரு சகபாவி தேவைப்பட்டான் என்பதில் பக்திமான்கள் சற்றுச் சிந்திக்கவேண்டியது உண்டு. இறைவனைச் சிறுமைப்படுத்தும் செய்தியாக எனக்கு அது படவில்லை. பாகவதர்களின் சங்கத்தைப் பெரிதாகக் கொண்டாடியவர்கள் நாம். ஆனால் நாம் நாடியது நம்மினும் உயர்ந்தோரை. இவர்கள் நாடுவது தம்மோடொத்து வீழ்ந்தோரை. இங்கே சரணளிப்பவன் யார், சரணடைபவன் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாது.

டாக்டர் ஸ்மித் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கடைசியாகக் குடித்தார். 1950-இல் இறக்கும்வரை மறுபடி தொடவில்லை. ஆக்ரனிலுள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீயோடு சேர்ந்து, கட்டணம் வாங்காமல் ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைப் பார்த்தார். குடியை விட்ட முதல் இரண்டரை ஆண்டுகளும் மதுவின் வேட்கை தம்மை விட்டுப் பெரும்பாலும் நீங்கவேயில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் அந்த வேட்கையோடுதான் அவர் மற்றவர்களின் படுக்கையருகே போய் உட்கார்ந்து, குடியை விட முடியும் என்று அவர்களுக்குச் சொல்லிவந்தார்.