பேகனின் போர்வை

'சாகுபுரத்தில் கடும் குளிர்' என்று நான் எழுதினால், ஊட்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தையே கிழித்துப் போடுவீர்கள். நியாயம்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் மார்கழியில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால், அதற்கே எங்கள் ஊரில் மஃப்ளரும் மங்கி குல்லாவும் பெட்டியைவிட்டு வெளியே வந்துவிடும். டீக்கடையில், 'என்னா குளிரு... என்னா குளிரு!' என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சிரிக்காதீர்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குளிர் வயிற்றிலும் இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். மறுபடி வெயில் ஏறி, உப்பு வாரத் தொடங்கும் வரை கூலி கிடையாது. (இந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்ததே 2022-ல்தான்.) அரை வயிற்றோடு ஓலைக் குடிசையில் படுத்திருப்பவருக்கு இருபத்தோரு டிகிரியும் கடும் குளிர்தான்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அளத்து வேலை இல்லாமல், எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வந்துகொண்டிருந்த அக்காவுக்கு அம்மா ஒரு கம்பளிப் போர்வை கொடுத்தாள். டெல்லியிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த நல்ல போர்வை. நாலு நாள் கழித்து அந்தப் பக்கமாகப் போனவள் பார்த்தால், போர்வைக்குள் ஓர் ஆட்டுக்குட்டி!

''ஏட்டி, ஒனக்குப் போர்த்தக் குடுத்தா, ஆட்டுக்குப் போர்த்தி வச்சிருக்க?''

''பொறந்து மூணு நாளுதாம்க்கா ஆவுது. வாடையில நடுங்கிக்கிட்டே கெடந்துச்சு. எனக்கென்ன, சேலைய இழுத்துப் போர்த்திக்கிடுவேன்.''

வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு ஆறவில்லை. ''இனிமே எவளுக்கும் எதுவும் குடுக்கப்போறதில்ல'' என்று ராத்திரி வரை பொருமினாள்.

உங்களைக் கேட்கிறேன்... கொடுத்த பிறகு அந்தப் போர்வை யாருடையது? சிக்னலில் கை நீட்டுகிறவரைப் பார்த்து, 'குடிக்கத்தானே போறான்' என்று கார் கண்ணாடியை ஏற்றுகிறோம். அப்படியே பத்து ரூபாய் கொடுத்தாலும், அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்கிற அதிகாரத்தை மட்டும் நம் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்.

பழநி மலைப் பக்கம் ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்துவிட்டான். தமிழய்யா இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. மயிலுக்கு எதற்கு சார் போர்வை? இப்படிப் பின்னே முன்னே யோசிக்காமல் கொடுப்பதற்குத் தமிழில் ஒரு பெயரே இருக்கிறது, கொடைமடம். அறியாமைதான். ஆனாலும் பாராட்டிச் சொல்கிற சொல் அது. எங்கள் வீட்டு அக்காவையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். ஒரே வித்தியாசம், பேகனுக்கு அரண்மனையில் இன்னொரு போர்வை இருந்திருக்கும்.

தமிழய்யா சொல்லாத இன்னொரு பாதியும் இருக்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரத்துக் கண்ணகி இல்லை) விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள் 'அவளிடம் திரும்பிப் போ' என்று அவனிடம் மன்றாடியது புறநானூற்றில் பதிவாகியிருக்கிறது. மலையில் நிற்கிற மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு வீட்டுக்குள் நடுங்குகிறவளைத் தெரியவில்லை. அதைக் கல்லூரி நாட்களில் படித்துவிட்டு பேகன் மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

அந்த மார்கழி முழுக்க அம்மா விடியற்காலை நாலரை மணிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத் துண்டோடு வாசலில் உட்கார்ந்து கோலம் போடுவாள். வாடைக்காற்றில் கோலப்பொடி பறக்கும். ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் இழுப்பாள். படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டெல்லியிலிருந்து சித்தப்பா இரண்டு போர்வைகள் வாங்கி வந்திருந்தார். ஒன்று அம்மாவுக்கு. அதுதான் ஆட்டுக்குட்டி மேல் கிடந்தது. இன்னொன்றை நான் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தேன்.