சூடான கோழிக்கு யார் தகுதி?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் கம்பியில் சுழன்று வெந்த முழுக்கோழியைச் சூடாக ஸ்னாப் அட்டையில் வாங்க முடியாது. அதே கோழி ஆறி, குளிர்பெட்டிக்குள் போய்விட்டால் தாராளமாக வாங்கலாம். ஏழைகள் உணவு வாங்க அரசு உதவும் திட்டம் ஸ்னாப்; 1964-ல் சட்டமான உணவு முத்திரைத் திட்டத்தின் இன்றைய வடிவம். வாங்கியதை வீட்டில் சமைத்துக்கொள்வார்கள் என்பது அதன் கணக்கு.

அடுப்பே இல்லாதவர்?

வீடற்றவர்கள், 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற சில மாநிலங்கள் விலக்கு தருகின்றன. அனுமதி பெற்ற உணவகங்களில் அட்டையைத் தேய்த்துச் சூடாகவே சாப்பிடலாம்.

உடனே, வரிப்பணத்தில் பர்கரா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். உழைக்க மனமில்லாதவனுக்குச் சோறு கூடாது என்ற, பைபிளில் வரும் பவுலின் கருத்து அமெரிக்க நாடாளுமன்ற விவாதம்வரை வந்திருக்கிறது. பவுல் சொன்னது மனமில்லாதவனை, முடியாதவனை அல்ல. இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

யூதர்களின் தால்முத் இந்தச் சிக்கலை இன்னும் நேர்மையாக அணுகுகிறது. நொடித்துப்போன செல்வந்தருக்குச் சவாரிக் குதிரையும், முன்னால் ஓட ஓர் ஆளும் கொடுத்தாராம் யூத குரு ஹில்லேல். ஒருவனுக்கு எது குறைகிறதோ அதைக் கொடு என்பதுதான் அங்கே அளவுகோல். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு கதை: கொழுத்த இறைச்சியும் பழைய மதுவும் பழகிய ஏழைக்கு நெகேமியா என்ற குரு பருப்பைப் போட, அவன் செத்தே போனான். பழி கொடுத்தவர்மீதா, நாக்கை அப்படி வளர்த்தவன்மீதா? இரண்டு பக்கமும் பேசிவிட்டு, இறந்தவனையே குறை சொல்கிறது நூல்.