புளிப்பின் இருப்பிடம்

எண்ணெய் எள்ளுக்குள் முன்பே இருந்ததா, செக்கில்தான் உண்டானதா என்பது இந்தியத் தத்துவ மரபின் பழைய வழக்கு. இல்லாத ஒன்று தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்றார்கள் சாங்கியர். சைவ சித்தாந்தமும் இந்தச் சற்காரியவாதத்தையே ஏற்றது. நியாய, வைசேடிக மரபினர் மறுத்தார்கள். நூலில் துணி இல்லை, நெய்தபின் புதிதாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் கட்சி. இந்த வழக்குக்கு எள்ளையும் நூலையும்விட வலுவான சாட்சி பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. ஈரமே இல்லாத ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் உலர்ந்த நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் நிறம் மாறாது. அதே வாயுவை டொலுவீனில் கரைத்தால் கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது. தாளை நனைத்துக் காட்டினால் உடனே சிவக்கும். வாயுவை நீரில் கரைத்தால் மின்சாரம் தாராளமாக ஓடும். எடுத்த வாயு ஒன்றுதான். அப்படியானால் அமிலத்தன்மை அதுவரை எங்கே இருந்தது?

வேதியியல் இதற்கு ஒரே மூச்சில் விடை சொல்லிவிடவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அமிலத்தன்மைக்கு ஒரு முகவரி தேடி அலைந்தது. புளிப்பைத் தரும் தனிமம் ஒன்று உண்டு என்று நம்பிய லவாய்சியே, 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள்படும் ஆக்சிஜன் என்ற பெயரையே அதற்குச் சூட்டினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810-இல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். கொள்கை போய்விட்டது, பெயர் மட்டும் நாம் மூச்சுவிடும் காற்றில் நின்றுவிட்டது. உலோகம் வந்து இடம்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜனே காரணம் என்றார் லீபிக், 1838-இல். 1884-இல் தம் ஆய்வேட்டில் தொடங்கிய சிந்தனையை 1887-இல் முழுமையாக்கிய அரேனியஸ், மின்பகுளிகளை மின்சாரம் வந்து பிரிப்பதில்லை, நீரில் கரையும்போதே அவை அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன என்றார். முகவரியில் நீரின் பெயரும் சேர்ந்தது அப்போதுதான். 1923-இல் டென்மார்க்கில் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தில் லவுரியும் தனித்தனியே இன்னும் ஓர் அடி போனார்கள். புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். வாங்க ஆள் இல்லாத இடத்தில் கொடுப்பவரும் இல்லை.

இங்கே அவசரப்படக் கூடாது. நீர் எல்லாப் பொருளிடமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சமையல் உப்பின் படிகத்தில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் முன்பே இருக்கின்றன. நகர இடமில்லாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. நீர் அவற்றை விடுவிக்கிறது, அவ்வளவே. நீரே இல்லாமல் 801 டிகிரி செல்சியஸில் உப்பை உருக்கினாலும் மின்சாரம் ஓடும். உப்பைப் பொறுத்தவரை சற்காரியவாதி சொல்வதே சரி: உள்ளது வெளிப்பட்டது. ஹைட்ரஜன் குளோரைடு அப்படியல்ல. அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. உள்ளே அயனிகள் இல்லை. குளிர்வித்துத் திரவமாக்கினாலும் அது மின்சாரத்தை மிகமிகக் குறைவாகவே கடத்துகிறது. நீர் மூலக்கூறு புரோட்டானை ஏற்கும்போதுதான் அயனிகள் பிறக்கின்றன. எனவே வைசேடிகர் வென்றார் என்று தோன்றும். ஆனால் அசிட்டிக் அமிலத்தைப் பாருங்கள். நீரில் அது வலுக்குறைந்த அமிலம். திரவ அம்மோனியாவில் வலுவான அமிலம்போல நடந்துகொள்கிறது. அடர் கந்தக அமிலத்தில் விட்டாலோ, புரோட்டானை வாங்கிக்கொண்டு காரமாகிவிடுகிறது. நைட்ரிக் அமிலத்துக்கும் கந்தக அமிலத்தில் அதே கதிதான். பழையது வெளிப்பட்டதா, புதியது பிறந்ததா என்று வாதிட்ட இரு கட்சிக்கும் பொதுவான ஓர் எண்ணம் இருந்தது: பண்பு ஏதோ ஒரு பொருளுக்குச் சொந்தம் என்பது. அமிலத்தன்மை அந்த எண்ணத்துக்கு அடங்கவில்லை. அது இருவருக்கிடையே நிகழ்வது. மணிமேகலை பௌத்தத்தை விளக்கும்போது ஆளும் 'சார்பு' என்ற சொல்லே இதற்குப் பொருந்துகிறது. தனக்கென்று தனித்த சுபாவம் எதற்கும் இல்லை என்றார் பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனர். நெருப்பின் சூடுகூட அதன் சொந்த இயல்பல்ல, விறகையும் கடைகோலையும் சார்ந்தது என்று அவருக்கு உரை செய்தார் சந்திரகீர்த்தி.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மீத்தேனை நீரில் செலுத்தினால் அமிலம் ஆவதில்லையே. ஆகவே புரோட்டானைக் கொடுக்கும் ஆற்றல் ஹைட்ரஜன் குளோரைடுக்குள்ளேயே இருக்கிறது, நீர் வெறும் சந்தர்ப்பம்தான் என்று ஒருவர் சொல்லலாம். மூலக்கூறின் கட்டமைப்புக்கு இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடத்தில் ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து புரோட்டானைப் பிரிக்க மோல் ஒன்றுக்குச் சுமார் 1,395 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். தனியே விட்டால் எந்த அமிலமும் தானாகக் கொடுக்காது. அந்தச் செலவை ஈடுகட்டுவது, அயனிகளைச் சூழ்ந்து தாங்கும் நீர்தான். இன்னொரு சான்று இதைவிடக் கூர்மையானது. கரைசலில் மெத்தனால் மூன்றாம்நிலை பியூட்டனாலைவிட வலுவான அமிலம். வாயு நிலையில் வரிசை தலைகீழாகிறது என்று பிரௌமனும் பிளேரும் 1968-இல் கண்டார்கள். ஆற்றல் உள்ளேயே முடிந்த முடிவாக இருந்திருந்தால், சூழல் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். எது வலியது என்ற வரிசையையே புரட்ட முடியாது.

சார்பு என்றாலே நிச்சயமின்மை என்று அஞ்ச வேண்டியதில்லை. 25 டிகிரியில் நீரில் அசிட்டிக் அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் பிகேஏ மதிப்பு 4.76, ஊரும் ஆய்வாளரும் மாறினாலும் அது மாறாது. லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.3 மூலக்கூறுகளே அயனியாகின்றன. உறவு, பொருளைப் போலவே உறுதியானது, அளக்கத்தக்கது. அதேபோல், நாகார்ச்சுனர் வேதியியல் அறிந்திருந்தார் என்று பெருமை பேசவும் இதில் இடமில்லை. குளோரின் அணுக்கருவில் 17 புரோட்டான்கள் இருப்பது எந்தக் கரைப்பானையும் சார்ந்ததல்ல. எல்லாப் பண்பும் சார்பே என்ற அவரது முழு முடிவை அமிலங்கள் நிறுவவில்லை. பண்பு என்றால் உள்ளே குடியிருந்தாக வேண்டும் என்ற முன்முடிவை மட்டும் அவை உடைக்கின்றன.

அதற்கு மிகத் தெளிவான சான்று எதுவும் கரையாத தூய நீர். அதில் ஒரு மூலக்கூறு இன்னொன்றுக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது. 25 டிகிரியில் எந்த நேரத்திலும் சுமார் 55 கோடியில் ஒன்று இப்படிக் கொடுத்த நிலையில் இருக்கும். கொடுத்தது அமிலம், வாங்கியது காரம். இரண்டும் ஒரே அமைப்புடைய நீர் மூலக்கூறுகள். கொடுப்பதற்கு ஒரு கணம் முன்பு அவற்றை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும், ஒன்றை அமிலம் என்றும் மற்றதைக் காரம் என்றும் பிரித்துச் சொல்ல அவற்றின் இயல்பில் எந்த அடையாளமும் இராது.