கிடைத்த இடமும் தேடும் இடமும்

கிடைக்காதவன் ஏங்குவது உலக இயற்கை. கிடைத்தவனும் ஏங்குகிறானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அமெரிக்காவில் பிரின்ஸ்டன், ஹார்வர்ட், யேல், கொலம்பியா என்று சில பல்கலைக் கழகங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் போடுகிற நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட அங்கே இடம் கிடைப்பதில்லை. அப்படி அரிதாகக் கிடைத்த இடத்தில் ஓராண்டு உட்கார்ந்து படித்த பையன் ஒருவன், 'இது போதாது. அதோ, அந்த இன்னொன்றில் சேர வேண்டும்' என்று மறுபடியும் விண்ணப்பத் தாளை எடுக்கிறான். பட்டப் படிப்பின் நடுவிலே இப்படி மாறிக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. வழி இருக்கிறதே தவிர, வாசல் மிகவும் குறுகல். ஹார்வர்ட் ஓர் ஆண்டில் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஒரு டஜன் பேரைத்தான். உள்ளே நுழைந்தவர்களில் நூற்றுக்கு 97, 98 பேர் இரண்டாம் ஆண்டும் அங்கேயே இருக்கிறார்கள். யாருமே எழுந்திருக்காத பந்தியில் புதிதாக ஒருவருக்கு எப்படி இலை போடுவது? 2008ஆம் ஆண்டில், தங்க வைக்க இடமில்லை என்று சொல்லி, இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வாசலையும் ஹார்வர்ட் சாத்தி வைத்தது. பிரின்ஸ்டன் இன்னும் பிடிவாதம். 1990இல் சாத்திய கதவை 2018இல்தான் திறந்தது.

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று சொல்லி இந்தப் பையனைத் தள்ளிவிடலாம். பட்டம் எதுவும் வாங்காத என்னைப் போன்றவனுக்கு அப்படிச் சொல்வது சுகமாகவும் இருக்கும். ஆனால் சில சமயம் அக்கரை உண்மையிலேயே பச்சையாகத்தான் இருக்கிறது. ஆம்ஹர்ஸ்ட் என்ற பேர்போன கல்லூரியில் ஒருவன் இலக்கியம் படிக்கச் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குள் தன் மனம் பாலம் கட்டுவதில்தான் இருக்கிறது என்று கண்டுகொள்கிறான். அந்தக் கல்லூரியில் பொறியியல் துறையே கிடையாது. அவன் விதியென்று இருந்துவிட வேண்டுமா? பதினேழு வயதில் செய்த முடிவுக்கு இருபத்திரண்டு வரை கட்டுப்பட்டுக் கிடப்பதற்குக் கற்பு என்று பெயரில்லை. சோம்பல் என்றுதான் பெயர்.

பராக் ஒபாமா 1979இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள ஆக்ஸிடென்டல் என்னும் சிறு கல்லூரியில் சேர்ந்தார். 1981இல் நியூயார்க்கின் கொலம்பியாவுக்கு மாறி, 1983இல் பட்டம் பெற்றார். தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கண்டித்து அவர் முதன்முதலாகப் பொதுமேடையில் பேசியது, விட்டுப் போன அந்தச் சிறு கல்லூரியில்தான். ஜான் கென்னடியின் கதை வேறு. 1935இல் பிரின்ஸ்டனில் சேர்ந்தவர், உடல்நலம் கெட்டு அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வெளியேறி, அடுத்த ஆண்டு தகப்பனார் படித்த ஹார்வர்டில் முதலிலிருந்து தொடங்கினார். நோயை யார் குற்றம் சொல்ல முடியும்?

நான் கவலைப்படுவது மூன்றாவது ஆளைப் பற்றி. பத்திரிகைகள் ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசையில் ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறிவிடத் துடிக்கிறானே, அவனைப் பற்றி. பாடம் அதேதான், புத்தகமும் அதேதான். சட்டையில் பொறிக்கிற பெயர்தான் வேறு. அந்த ஓராண்டை அவன் எப்படிக் கழிப்பான் என்று கதை எழுதுகிறவனுக்கே உரிய அக்கப்போருடன் யோசித்துப் பார்க்கிறேன். ஜங்ஷனில் வண்டி மாறக் காத்திருப்பவன் அந்த ஊரைப் பார்ப்பதில்லை. அறைத் தோழன் சிநேகமாக வந்து உட்கார்ந்தால், 'இவனோடு எத்தனை நாளைக்கு?' என்று உள்ளுக்குள் கணக்குப் போடுவான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மாறிப் போக விரும்புகிறவன், பெரும்பாலும், இப்போது தனக்குப் பாடம் சொல்லுகிற ஆசிரியரிடமே நற்சான்றுக் கடிதம் கேட்டு நிற்க வேண்டும். 'ஐயா, உங்களை விட்டுப் போகிறேன். போவதற்கு நான் தகுதியுள்ளவன் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்!' அந்தப் பேராசிரியரை நினைத்துப் பாருங்கள். மந்தமான மாணவனாக இருந்தால் அவருக்கு வருத்தமில்லை. வகுப்பிலே நல்ல கேள்வி கேட்டவன்தான் வந்து நிற்கிறான். உயர்வாக எழுத எழுத அவனை இழப்பது உறுதியாகிறது. குறைத்து எழுதினால் அவன் இருப்பான். எழுதியவர் ஆசிரியராக இருக்க மாட்டார். அங்கே எத்தனையோ பேர் உயர்வாகவே எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

பையனும் தன் பங்குக்கு, ஏன் போகிறேன் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். இருக்கிற கல்லூரியைக் குறை சொல்லத்தான் கை முதலில் போகும். பெண் கேட்டு வந்த இடத்தில் முதல் மனைவியைத் திட்டுகிறவனை எந்தத் தகப்பன் நம்புவான்? 'இங்கே இன்னது கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை' என்று எழுதக் கூடியவனுக்குத்தான் போவதற்குக் காரணம் இருக்கிறது.

இடத்தைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. 2018இல் பிரின்ஸ்டன் கதவைத் திறந்தபோது யாரை மனத்தில் வைத்துத் திறந்தது தெரியுமா? படையில் பணிபுரிந்து திரும்பியவர்கள், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், செலவு குறைந்த இரண்டாண்டுக் கல்லூரிகளில் படித்தவர்கள். அந்த ஆண்டு இடம் கொடுத்தது 13 பேருக்கு. அந்த வரிசையில் வந்து நிற்க யேல் மாணவனுக்கும் தடை இல்லை. அவன் யாருடையதையும் திருடவுமில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் நிற்கிறவன், பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்குப் போனவனாக இருக்கலாம். அவன் சும்மா பேச்சுக்கு, "நீங்கள் எங்கே படிக்கிறீர்கள்? அங்கே என்ன குறை?" என்று கேட்பான். பாலம் கட்டப் படிக்க வந்த ஆம்ஹர்ஸ்ட் பையன் தயங்காமல் பதில் சொல்லிவிடுவான். ஆறிலிருந்து இரண்டுக்கு ஏற வந்தவன் என்ன சொல்வான் என்பதைத்தான் பக்கத்தில் நின்று கேட்க எனக்கு ஆசை.