அடுப்படியில் கடைசித் தட்டு

 

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் காலையில் போனால் பார்ப்பீர்கள். பனி விலகும் முன்பே சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். மாலையில் இலையை எடை போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பி, அடுப்பு மூட்டி, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. நம்மில் பல வீடுகளிலும் இதுதான் வழக்கம்; அதற்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2011 ஜூன் முதல் தமிழக ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆனாலும் 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இம்மாநிலத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல. ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும், இரத்தம் ஊற அது மட்டும் போதாது. முட்டைக்கும் பருப்புக்கும் கீரைக்கும் காசு வேண்டும். அந்தக் காசு யார் கையில்?

"அவளும்தான் சம்பாதிக்கிறாள், வீட்டுச் செலவை அவளே பார்க்கட்டும்" என்கிறார்கள் சிலர். மார்க்கத்தில் அந்தக் கணக்கு இல்லை. மனைவி மக்களின் நஃபகா கணவன் மீதான கடமை. பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே என்பது சூரா அந்நிஸாவில் (4:32) உள்ளது. உத்பாவின் மகள் ஹிந்த் (ரலி), கணவர் அபூசுஃப்யான் (ரலி) போதுமான அளவு தருவதில்லை என்று முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவரது பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அங்கே அவளுக்கும் பங்கு உண்டு, பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

சரி, கணவனும் தினக்கூலி, மழை நாளில் வேலையே இல்லை என்றால்? அப்போது அவள் கொடுக்கலாம், கொடுக்கிறாள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடலாமா என்று கேட்டபோது, அதற்கு இரட்டைக் கூலி என்று பதில் வந்தது. அப்படியானால் அது ஸதகா. ஸதகா கொடுத்தவளைப் பட்டினியாகவா படுக்க விடுவது?

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்பத்தின் மூத்த பெண்ணையே ரேஷன் அட்டைக்குத் தலைவியாக வைக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் வருகிறது. பணம் அவள் கணக்கில்தான். ஏடிஎம் அட்டை எத்தனை வீடுகளில் அவர் சட்டைப்பையில் இருக்கிறது? தொழுது வீடு திரும்பியதும் உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.